ஒரே பண்ணை, ஆறு கவுண்டிகள்: காலனிய வர்ஜீனியாவில் முன்னோரைத் தேடுதல்

கார்குழலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் தாய்வழிக் குடும்பம் வர்ஜீனியாவின் தென்கோடியில், வட கரோலினா எல்லையை ஒட்டிய பேட்ரிக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு), தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்த குடும்பம். 84 வயதாகும் என் மாமியார், பேரப்பிள்ளைகளுக்காகக் கொடிவழியை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார். குடும்பப் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். ஆகவே பெயரில்லாமலே கேட்கிறேன்.

வீட்டு பைபிளின் முன்தாளில், ஒரு முன்னோர் 1758-இல் அந்தப் பண்ணையிலேயே பிறந்ததாக எழுதியிருக்கிறது. ஆனால் பேட்ரிக் கவுண்டியின் தலைமையிடமான ஸ்டூவர்ட்டுக்கு நான் நேரில் சென்று பார்த்தபோது, அங்குள்ள பத்திரப் புத்தகங்கள் 1791-இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் அவர்கள் அங்கே இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. பழைய பெட்டி ஒன்றில் 1756-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அதில் எங்கள் முன்னோர், ஹாலிஃபாக்ஸ் கவுண்டியில் 200 ஏக்கரை 5 ஷில்லிங் கொடுத்து ஓராண்டுக்குக் குத்தகைக்கு எடுக்கிறார். வாடகை ஒரு மிளகு. அப்படியென்றால் அவர்கள் வேறு கவுண்டியில் குத்தகைதாரர்களாக இருந்து பின்னால் இங்கே வந்தவர்களா? "நிலம் எங்களுடையது" என்று கேட்டே வளர்ந்த என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

எல்லைக்கல் எழுதியது:

வணக்கம் கார்குழலி. உங்கள் மாமியார் கேட்டு வளர்ந்தது உண்மையாகவே இருக்கலாம். குடும்பம் இடம்பெயராமல் இருக்க, கவுண்டி எல்லைகள் அவர்களைத் தாண்டிப் போயிருக்கின்றன.

இன்றைய பேட்ரிக் கவுண்டி இருக்கும் நிலப்பகுதி முதலில் பிரன்சுவிக் கவுண்டிக்குள் இருந்தது. 1746-இல் அதன் மேற்குப் பகுதி லூனன்பர்க் ஆனது. 1752-இல் ஹாலிஃபாக்ஸ், 1767-இல் பிட்சில்வேனியா, 1777-இல் ஹென்றி, கடைசியாக 1791-இல் பேட்ரிக். ஹென்றி, பேட்ரிக் ஆகிய இரண்டுமே பேட்ரிக் ஹென்றி என்ற ஒரே மனிதரின் பெயரால் அமைந்தவை; விடுதலைக்குப் பின் வர்ஜீனியாவின் முதல் ஆளுநர் அவர். ஆக, 1740-இல் ஒருவர் குடிசை போட்டு அமர்ந்த அதே ஓடைக்கரையில் அவருடைய பேரன் 1795-இல் உழுதுகொண்டிருந்தால், அந்த ஒரு பண்ணையின் ஆவணங்கள் ஆறு கவுண்டிகளின் புத்தகங்களில் சிதறிக் கிடக்கும்.

மேற்கே குடியேற்றம் பெருகப் பெருக, நீதிமன்றத்துக்கு இரண்டு மூன்று நாள் குதிரையில் வர வேண்டியிருக்கிறது என்று மக்கள் சட்டமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். சட்டமன்றம் கவுண்டியைப் பிரிக்கும். ஆனால் பழைய புத்தகங்களைப் பிரிக்காது. தாய்க் கவுண்டியின் பத்திரங்கள் தாய்க் கவுண்டியிலேயே இருக்கும். புதிய கவுண்டி முதல் நாள் வெற்றுப் புத்தகத்தோடு தொடங்கும். நம் ஊரில் ஒரு மனையின் மூலப்பத்திரத்தைத் தேடும்போது, அந்த ஆண்டில் ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்போமே, அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்க வேண்டும். 1777-க்குப் பிந்தியவை மார்ட்டின்ஸ்வில்லில் (ஹென்றி), அதற்கு முந்திய பத்தாண்டுகள் சாத்தமில் (பிட்சில்வேனியா), அதற்கும் முன்னால் ஹாலிஃபாக்ஸிலும் லூனன்பர்க்கிலும் இருக்கும். 1756-இல் உங்கள் பத்திரம் "ஹாலிஃபாக்ஸ் கவுண்டி" என்று சொல்வது முற்றிலும் சரி. அந்த ஆண்டில் உங்கள் பண்ணை இருந்த இடமே ஹாலிஃபாக்ஸ்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நான் தமிழ்நாட்டில் பதிவுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகளோடு ரிச்மண்டில் வசிக்கத் தொடங்கிய பிறகு, அங்குள்ள வர்ஜீனியா மாநில நூலகத்தின் நுண்படச் சுருள்களில் காலனியப் பத்திரங்களைப் படிப்பதே என் அன்றாட வேலையாகிவிட்டது. உங்கள் மிளகுப் பத்திரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே இடத்தில் நானும் முதலில் தவறாகப் படித்தேன்.

அது குத்தகையே அன்று. கிரயத்தின் முதல் பாதி. பழைய ஆங்கிலச் சட்டப்படி நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால், விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே சென்று, மண்ணையோ மரக்கிளையையோ சாட்சிகள் முன் கையில் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க வழக்கறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். முதல் நாள், 5 ஷில்லிங்குக்கும் ஒரு மிளகு வாடகைக்கும் ஓராண்டுக் குத்தகை. குத்தகைதாரர் ஆனவுடனே நிலம் சட்டப்படி அவர் அனுபவத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும். மறுநாள், மிச்சமிருக்கும் முழு உரிமையையும் அவருக்கே விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம். உண்மையான விலை அந்த இரண்டாவது பத்திரத்தில்தான் இருக்கும். பெட்டியில் இருந்தது முதலாவதன் நகலாக இருக்கும். ஹாலிஃபாக்ஸ் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வாங்குபவரின் பெயருக்குப் பின்னால் "இன்ன கவுண்டியைச் சேர்ந்த" என்று வரும் சொற்களை எழுத்து எழுத்தாகப் படியெடுங்கள். அவர் எங்கிருந்து வந்தார் என்பதை ஆவணம் சொல்லும் ஒரே இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

கார்குழலி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, நீங்கள் சொன்னபடியே அடுத்த பக்கத்தில் இருந்தது. மறுநாள் தேதியிட்ட பத்திரம். விலை 30 பவுண்டு. என் மாமியாரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இருமுறை படிக்கச் சொன்னார். வாங்கியவர் "ஹானோவர் கவுண்டியைச் சேர்ந்தவர்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

இப்போது இரண்டு சிக்கல்கள். ஒன்று, அதே முதற்பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட இருவர் ஒரே காலத்தில் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறார்கள். ஒருவர் பெயருக்குப் பின் "சீனியர்", மற்றவருக்கு "ஜூனியர்". தந்தையும் மகனும் என்று இணையத்தில் உள்ள எல்லாக் குடும்ப மரங்களும் சொல்கின்றன. இரண்டு, 1772-இல் எங்கள் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் பிட்சில்வேனியாவில் 400 ஏக்கரை விற்கிறார். அவர் அதை வாங்கிய பத்திரத்தை எங்குமே காணவில்லை.

கரிசல்காடு எழுதியது:

இணையத்தில் உள்ள மரங்களைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஒருவர் ஊகித்ததை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள். நூறு பேர் சொன்னதாலேயே அது ஆவணம் ஆகிவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சீனியர், ஜூனியர் என்பவை வயதில் மூத்தவர், இளையவர் என்று பிரித்துக் காட்டும் அடையாளங்கள் மட்டுமே. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்தவுடன் நேற்றைய ஜூனியர் இன்றைய சீனியர் ஆகிவிடுவார். உறவுச் சொற்களும் நம்மை வழிதவறச் செய்பவையே. "மதர் இன் லா" என்ற சொல் அக்காலத்தில் மாற்றாந்தாயையும் குறித்தது. "ஆர்ஃபன்" என்றால் தந்தையை இழந்த குழந்தை. தாய் உயிரோடு இருப்பாள். நாம் அதை அநாதை என்று மொழிபெயர்த்துக்கொண்டு தாயையும் சேர்த்துப் புதைத்துவிடக் கூடாது.

இருவரைப் பிரித்தறிய நிலத்தைப் பிடியுங்கள். ஒரு பெயர் இருவருக்குப் பொதுவாக இருக்கலாம். ஓர் ஓடையின் இன்ன கரையில் உள்ள 200 ஏக்கர் இருவருக்குப் பொதுவாக இருக்காது. ஒவ்வொரு துண்டும் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தனித்தனித் தாளில் எழுதுங்கள். விற்பனையின்போது மனைவி நீதிமன்றத்தில் தனியாக விசாரிக்கப்பட்டு, கணவன் இறந்தால் அவளுக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கு விதவை உரிமையை விட்டுக்கொடுத்திருப்பாள். பெண்களின் பெயர் வேறெங்கும் கிடைக்காத அந்தக் காலத்தில், அவள் முதற்பெயர் அங்கே கிடைக்கும். ஒருவரின் மனைவி மேரி, மற்றவரின் மனைவி எலிசபெத் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாங்காமல் விற்றவரைப் பற்றி: வர்ஜீனியாவில் 1785-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றும் வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும். பத்திரமே தேவையில்லை. எனவே வாங்காத நிலத்தை ஒருவர் விற்றால், அவர் யாருடைய மூத்த மகன் என்று கேளுங்கள். அதே 400 ஏக்கர் முதன்முதலில் யார் பெயரில் அரசுப் பட்டயமாகக் கொடுக்கப்பட்டது என்று தேடிப் பார்த்து, அது இதே குடும்பப் பெயருடைய வேறொருவராக இருந்தால், எந்த ஆவணமும் நேரடியாகச் சொல்லாத தந்தை-மகன் உறவு அங்கே வெளிப்படக்கூடும். அதற்கு முன், வேறு கவுண்டியில் உயில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752-க்கு முன் ஆங்கிலேயர்களின் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1749 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1750 பிப்ரவரி. இது தெரியாததால் திருமணத்துக்கு முன் குழந்தை பிறந்ததாகவும், இறந்த பின் உயில் எழுதியதாகவும் கொடிவழிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

தென்றல் எழுதியது:

ஹானோவர் என்று பார்த்ததும் வருத்தமாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பல கவுண்டிகள் தங்கள் புத்தகங்களைப் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3 அன்று, தெற்குப் படைகள் நகரைக் கைவிட்டுச் செல்லும்போது கிடங்குகளுக்கு வைத்த தீ பரவியதில் அவை எரிந்தன. ஹானோவரின் காலனியப் பத்திரங்களும் உயில்களும் மிகச் சிலவற்றைத் தவிர அப்படித்தான் போயின. பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவையே அழிந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் கவுண்டியின் புத்தகம்தான் எரிந்தது. மாநில அளவில் வைத்த நிலப் பட்டயங்கள் எரியவில்லை. 1620-கள் தொடங்கி அவை ரிச்மண்டில் இருக்கின்றன, மின்படிகளாகவும் பார்க்கலாம். 1704-ஆம் ஆண்டின் குவிட்ரெண்ட் பட்டியலும் இருக்கிறது. அரசருக்கு 50 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஆண்டுதோறும் செலுத்திய அந்த நிலவரிக்காக, வடக்கு நெக் என்ற வட வர்ஜீனியப் பகுதி நீங்கலாக, நிலமுள்ளவர்களின் பெயர்களும் ஏக்கர் கணக்கும் கவுண்டிவாரியாக எழுதப்பட்டன. அப்போது ஹானோவர் என்ற கவுண்டி இல்லை. நியூ கென்ட் என்பதன் கீழ் பாருங்கள். 1782 முதல் நிலவரிப் புத்தகத்தின் ஒரு படி தலைநகருக்கு அனுப்பப்பட்டதால், எரிந்த கவுண்டிகளுக்கும் அது எஞ்சியிருக்கிறது. வர்ஜீனியாவின் 1790 மக்கள்தொகைக் கணக்கே காணாமல் போன நிலையில் இந்த வரிப் பட்டியல்களே நமக்குப் பெரும் துணை.

எல்லாவற்றையும் விட நான் நம்புவது தேவாலய ஏடுகளை. காலனிய வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சேகரத்தின் (ஒரு தேவாலயத்தின் ஆட்சி வட்டம்) நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடமை இருந்தது: நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுகூடி ஒவ்வொருவரின் எல்லையையும் நடந்து பார்த்து, மரங்களில் புதிதாக வெட்டுக்குறி இட வேண்டும். மூன்று முறை இப்படி நடந்த எல்லையை அதற்குப் பின் யாரும் மறுக்க முடியாது. யார் யார் எல்லை நடக்கப்பட்டது, யார் உடன் இருந்தார்கள் என்பதைச் சேகர ஏட்டில் எழுதுவார்கள். ஹானோவரின் செயின்ட் பால் சேகரத்தின் ஏடு 1706 முதல் 1786 வரை பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு எல்லை நடையிலும் உங்கள் முன்னோரின் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் அவருடைய வேலிக்கு அப்பால் வாழ்ந்தவர்கள். அக்காலத்தில் மக்கள் தனியாகக் குடிபெயரவில்லை; அண்டை வீட்டாரோடும் மைத்துனர்களோடும் கூட்டமாகவே மேற்கே போனார்கள். ஹானோவரின் அண்டை வீட்டார் ஹாலிஃபாக்ஸ் பத்திரத்தில் சாட்சிகளாக வந்தால், உங்கள் ஆள் அவர்தான் என்று நம்ப வலுவான காரணம் கிடைத்துவிடும்.

கடலோரம் எழுதியது:

இழையின் நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். ஆளைக் கூட்டிவந்தால் நிலம் கிடைக்கும் என்ற முறை இருந்ததாமே, அப்படி வந்தவர்களின் பட்டியல்களில் இந்தியர் ஒருவரின் பெயர் இருப்பது உண்மையா?

எல்லைக்கல் எழுதியது:

உண்மை. 1635-இல் ஜார்ஜ் மெனஃபி என்ற நிலக்கிழார் பெற்ற பட்டயத்தின் ஆள்பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியன்" என்ற பெயர் இருக்கிறது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611 முதல் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்தில் வணிகம் செய்துகொண்டிருந்தது. பட்டியலில் அவர் ஊரும் மொழியும் இல்லை. ஆகவே அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாட நமக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்தபோது என் கை சற்று நேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

1618 முதல், தன் செலவில் கடல் கடந்து கொண்டுவந்த ஒவ்வொரு தலைக்கும் 50 ஏக்கர் என்பது ஹெட்ரைட் முறை. கார்குழலிக்கு இதில் ஓர் எச்சரிக்கை. பட்டயத்தின் ஆண்டை வந்திறங்கிய ஆண்டாகக் கொள்ளாதீர்கள். உரிமைச் சீட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்தினார்கள், விற்றார்கள், ஒரே தலையை இருமுறை எண்ணவும் செய்தார்கள். பட்டயம் பெற்றவருக்கும் பட்டியலில் உள்ளவருக்கும் உறவு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அந்த முறையில் நிலம் பெற்றவர்கள் எல்லாரும் வெள்ளையரும் அல்லர்: ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பின் விடுதலை அடைந்த ஆன்டனி ஜான்சன் என்பவர், 1651-இல் நார்த்தாம்ப்டன் கவுண்டியில் ஐந்து தலைகளுக்கு 250 ஏக்கர் பெற்றார். நார்த்தாம்ப்டனின் நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் இடைவெளியின்றி எஞ்சியிருப்பதால் அவர் குடும்பத்தின் கதையை இன்றும் தொடர முடிகிறது. உங்கள் குடும்பத்தின் 400 ஏக்கர் போன்ற பிற்காலப் பட்டயங்கள் பெரும்பாலும் 50 ஏக்கருக்கு 5 ஷில்லிங் கட்டிப் பெற்றவை. அவற்றில் ஆள்பட்டியல் இராது.

கார்குழலி எழுதியது:

400 ஏக்கரின் பட்டயம் கிடைத்துவிட்டது. 1749, லூனன்பர்க் கவுண்டி, எங்கள் குடும்பப் பெயருடைய வேறொருவர் பெயரில். உயில் எங்கும் இல்லை. கரிசல்காடு சொன்ன வழியில், 1772-இல் விற்றவர் அவருடைய மூத்த மகன் என்று "பெரும்பாலும்" என்ற சொல்லோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் இன்று எழுத வந்தது வேறொன்றுக்காக. 1772 விற்பனை பதிவான அதே பத்திரப் புத்தகத்தில், எங்கள் முன்னோர் தம் மகளுக்கு ஒரு பெண்ணையும் அவளுடைய இரு குழந்தைகளையும் தானமாகக் கொடுத்த பத்திரம் இருந்தது. மூவருக்கும் முதற்பெயர் மட்டும். நிலத்துக்குச் செக்குபந்தி (நான்கெல்லை) எழுதிய அதே கையெழுத்து, அதே மை. என் மாமியாரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெயர்களையும் எழுது" என்றார். மனிதர்கள் ஏன் நிலப் பத்திரப் புத்தகத்தில் இருக்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1705-இல் வர்ஜீனியா சட்டமன்றம், அடிமைகளை அசையாச் சொத்தாகக் கருத வேண்டும் என்று விதித்தது. 1792 வரை அது நடப்பில் இருந்தது. 1662-ஆம் ஆண்டுச் சட்டமோ, குழந்தையின் நிலை தாயின் நிலையே என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதனால்தான் தாயும் பிள்ளைகளும் ஒரே வரியில், ஒரே பத்திரத்தில் கைமாறினார்கள். முப்பது ஆண்டுகள் பத்திரம் பதிந்தவன் நான். அந்த வரிகளைப் படிக்கும்போது என் தொழிலின் சொற்களே எனக்குக் கனத்தன.

உங்கள் மாமியார் சொன்னதே சரி. அந்த மூவரின் வழித்தோன்றல்கள் இன்று தேடிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு 1870-க்கு முன் குடும்பப் பெயரோடு கணக்கெடுப்பு கிடைப்பது மிக அரிது. அவர்கள் முன்னோரைக் கண்டடையும் வழி, உரிமையாளரின் உயில், பத்திரம், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல் ஆகியவை வழியாகவே போகிறது. அந்தத் தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன. பெயர், ஆண்டு, புத்தகம், பக்கம், யாரிடமிருந்து யாருக்கு என்று படியெடுங்கள். வர்ஜீனியா மாநில நூலகம் இத்தகைய பெயர்களைத் தேடக்கூடிய வகையில் "வர்ஜீனியா அன்டோல்டு" என்ற தொகுப்பை நடத்திவருகிறது. மகளுக்குப் போன பிறகு அந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு ஏதேனும் எழுந்ததா என்று, சொத்து, வாரிசு வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தின் தாவாக்களையும் பாருங்கள். வாரிசுகள் ஒருவரையொருவர் எதிர்த்து வழக்காடும்போது, வெள்ளைக் குடும்பத்தின் உறவுமுறையும் அடிமைப்பட்டவர்களின் பெயர், வயது, தாய் யார் என்ற விவரமும் ஒரே கட்டில் கிடைப்பதுண்டு.

எல்லைக்கல் எழுதியது:

கார்குழலி, உங்கள் இரண்டு நிலங்களையும் தாளில் வரைந்து பார்த்தீர்களா? "வெள்ளை ஓக்கிலிருந்து வடக்கு 35 பாகை கிழக்காக 120 போல்" என்று பத்திரத்தில் வரும். போல் (pole) என்பது நீள அளவு: ஒரு போல் 16.5 அடி, 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். பாகைமானியும் அளவுகோலும் போதும். ஓடையின் வளைவை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பொருத்தலாம். வரைந்த கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவில்லை என்றால், எழுத்தர் படியெடுக்கும்போது ஓர் அளவை விட்டிருப்பார்.

கார்குழலி எழுதியது:

வரைந்தேன். முதல் முறை கோடு மூடவில்லை. மூலப் பட்டயத்தோடு ஒப்பிட்டபோது, பத்திரத்தில் ஒரு திசை விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததும் 1756-இல் வாங்கிய 200 ஏக்கரும், 1749-இன் 400 ஏக்கரும் ஒரே நீண்ட கோட்டைப் பகிர்ந்துகொள்வது தெரிந்தது. இரண்டிலும் மூலையில் நிற்பது ஒரே பாப்ளர் மரம்.

செயின்ட் பால் சேகர ஏட்டில் தென்றல் சொன்னபடி தேடினேன். எங்கள் முன்னோரின் பெயர் இரண்டு எல்லை நடைகளில் வருகிறது. இரண்டிலும் பக்கத்தில் உள்ள இருவரின் பெயர்கள், 1756 பத்திரத்தின் அடியில் சாட்சிகளாக இருக்கின்றன. சீனியர் என்பவர் வேறோர் ஓடைக்காரர். மனைவியின் பெயரும் வேறு. அவரை எங்கள் கொடிவழியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு சாத்தமுக்குப் போகிறோம். அந்தத் தாயும் இரு குழந்தைகளும் 1772-க்குப் பின் எங்கே போனார்கள் என்று பிட்சில்வேனியாவின் உயில் புத்தகங்களில் பார்க்க வேண்டும். மூன்று பெயர்களையும் அவரே தம் கையால் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார்.